தாயின் குற்றமா?
(ஆட்டிசத்தின் காரணங்கள் குறித்து ஓர் அறிவியல் கட்டுரை)

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி



சென்ற கோடை விடுமுறையில் அம்மிச்சி வீட்டில் தங்கியிருந்தேன். என் சித்தியின் மகனுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. மின்விசிறி சுற்றுவதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். ஆனால் தெருமுனையில் கம்பெனி வேன் திரும்பும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுக்குக் கேட்டுவிடும். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் அவனை இரண்டு மூன்று முறை வரச்சொல்லிப் பரிசோதித்துவிட்டு, இது ஆட்டிசம் என்று கூறினார்.

செய்தி தெருவில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. துக்கம் விசாரிக்க வருவது போல வந்தார்கள். “ஏழு மாசத்துக் கொழந்தைய உட்டுப்போட்டு பனியன் கம்பெனிக்குப் போனாளல்லோ, அதான் கண்ணு இப்பிடி ஆயிப்போச்சு” என்றார் ஒரு பாட்டி. இன்னொருவர் செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டியதால் என்றார். வேறொருவர் தடுப்பூசி என்றார். கிரகணத்தன்று சித்தி வெளியே வந்ததை ஒருவர் நினைவுபடுத்தினார். சித்தி ஒன்றும் பேசவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். வந்தவர்கள் சொன்ன காரணங்கள் ஐந்தாறு இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆனால் அத்தனையும் சுற்றி வந்து சித்தியின் தலையிலேயே இறங்கின. சித்தப்பாவைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பள்ளி திறந்ததும் இதை எங்கள் அறிவியல் ஆசிரியையாகிய அருட்சகோதரியிடம் கூறினேன். “காரணம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. முதலில் இரண்டையும் பிரித்துக்கொண்டு படி” என்று சொல்லி, படிக்க வேண்டியவற்றையும் எடுத்துக் கொடுத்தார்கள். அப்படிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். தம்பியைப் பற்றி எழுதச் சித்தியின் சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன்.

ஆட்டிசம் என்பதற்கு அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்ற பெயர் வழங்குகிறது. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. வேன் வருவதை முதலில் அறிகிறவனைப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்று எப்படிச் சொல்வது? ஆகையால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். இது தொற்றுநோயன்று. மூளை வளர்கின்ற விதத்தில் உள்ள வேறுபாடு. பிறரோடு பேசுவது, பழகுவது, முகக்குறிப்பை அறிவது ஆகியவை இக்குழந்தைகளுக்குக் கடினமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒலி, ஒளி, துணியின் உராய்வு ஆகியவை சிலருக்குத் தாங்க முடியாதவையாக இருக்கும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் கல்லூரி வரை சென்று பட்டமும் பெறுவார்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹைதராபாத், வட கோவா உள்ளிட்ட நம் நாட்டின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறத்தாழ 4,000 குழந்தைகளைப் பரிசோதித்தனர். நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது. அப்படியானால் நம் குன்னத்தூரில் இது சித்தி வீட்டில் மட்டும் இருக்கும் செய்தியாக இருக்க முடியாது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கன்னர் என்ற மருத்துவர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்பதைத் தனி நிலையாக உலகம் அறிந்துகொண்டது அதிலிருந்துதான். அவர்களுள் முதலாவது சிறுவன் டொனால்டு. அவனுடைய தந்தை மகனைப் பற்றி 33 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். (அந்த டொனால்டு பிற்காலத்தில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார், 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். இதைச் சித்தியிடம் சொன்னபோது மீண்டும் ஒரு முறை சொல்லச் சொன்னார்.)

இது பிறவியிலேயே அமைந்தது என்று கன்னர் தம் கட்டுரையின் முடிவில் எழுதியிருந்தார். அத்தோடு நின்றிருந்தால் உலகத் தாய்மார்களுக்கு எவ்வளவோ நிம்மதி! ஆனால் தம்மிடம் வந்த பெற்றோர்கள் பெரும்பாலும் படித்தவர்கள் என்பதையும், அன்பை வெளிக்காட்டாதவர்களாகத் தெரிந்தார்கள் என்பதையும் அவர் குறித்து வைத்தார். சில ஆண்டுகளில் அந்தக் குறிப்பே பெரிதாக வளர்ந்துவிட்டது. பனி உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தது போல இக்குழந்தைகள் வளர்ந்தார்கள் என்று அவரே எழுதினார். ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்ற பெயர் அதிலிருந்து உண்டாயிற்று. சிக்காகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் ஒரு நூலே எழுதி, தாய் தந்தையர் குழந்தையை மனத்தால் வெறுத்ததே காரணம் என்று வாதிட்டார். அவர் நடத்திய விடுதிப் பள்ளியில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். அந்த நூலைப் படித்துவிட்டு எத்தனை தாய்மார்கள் இரவில் அழுதிருப்பார்களோ!

இதிலுள்ள பிழையை எளிதாகக் காணலாம். அந்தக் காலத்தில் பால்டிமோர் வரை சென்று பெரிய மருத்துவரைப் பார்க்கக்கூடியவர்கள் யார்? பேராசிரியர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். ஏழைக் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தாலும் அது கன்னரின் கண்ணில் படவே போவதில்லை. வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, படித்த தாய்க்குத்தான் இப்படிப் பிறக்கும் என்று முடிவு கட்டினார்கள். பிற்பாடு லண்டனில் லோர்னா விங், ஜூடித் கோல்டு என்னும் இருவர், மருத்துவரிடம் வருகிறவர்களுக்காகக் காத்திராமல், கேம்பர்வெல் என்ற பகுதியில் தாமே தேடிச் சென்று கணக்கெடுத்து 1979இல் வெளியிட்டனர். எல்லா வகை வீடுகளிலும் இக்குழந்தைகள் இருந்தனர். அங்கே படித்த தாய் மீது பழி சொன்னார்கள். இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தாய் மீது சொல்கிறார்கள்.

பழியை முதலில் எதிர்த்தவர் ஒரு தந்தை. பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளவியலார் தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்து, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து, 1964இல் ஒரு நூல் எழுதினார். இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது, வளர்ப்பினால் வந்ததன்று என்று அதில் நிறுவ முயன்றார். மறு ஆண்டு பெற்றோர்களைச் சேர்த்து ஒரு சங்கமும் தொடங்கினார். 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்துக்கு, வயது முதிர்ந்த கன்னரே வந்தார். பெற்றோர்களாகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருள்பட அங்கே பேசினார். சொன்ன வாயாலேயே அதைத் திரும்பப் பெறுவது பெரிய மனிதர்களுக்கு எளிதன்று. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதற்குள் 20 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

இனி, காரணம் என்ன என்பதற்கு வருவோம். 1977இல் இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் செய்த ஆய்வு மிகச் சிறியது. ஆனால் நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவருக்காவது ஆட்டிசம் உள்ள 21 இணைகளைத் தேடிப் பிடித்தார்கள். 11 இணைகள் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த, அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர். 10 இணைகள் இரு கருமுட்டையிலிருந்து பிறந்தவர்கள். முதல் வகையில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மீதி இணைகள் பலவற்றிலும் மற்றப் பிள்ளைக்குப் பேச்சிலோ அறிவு வளர்ச்சியிலோ ஏதேனும் இடர்ப்பாடு காணப்பட்டது. இரண்டாம் வகையில் ஓர் இணையில்கூட இருவருக்கும் ஆட்டிசம் இல்லை.

இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள். இரண்டு வகை இரட்டையரும் ஒரே தாயின் வயிற்றில் ஒன்றாக இருந்தவர்கள்; ஒரே வீட்டில், ஒரே மடியில் வளர்ந்தவர்கள். வளர்ப்புதான் காரணம் என்றால் இரு வகைக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. வேறுபாடு இருந்தது. ஒரே ஜீன்களைப் பெற்றவர்களிடம்தான் ஒற்றுமை மிகுந்திருந்தது. ஆகவே மரபுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் 11இல் 11 இல்லை என்பதையும் பாருங்கள். மரபு மட்டுமே முழுக் காரணமும் அன்று.

2019இல் டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பிறந்த 20 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆட்டிசம் ஒருவருக்கு வருவதும் ஒருவருக்கு வராததுமாகிய வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்கை மரபால் விளக்கலாம் என்று அதில் கண்டனர். தாயின் உடல்நிலையாலும் கருப்பைச் சூழலாலும் மட்டும் ஏற்படும் பங்கு மிக மிகச் சிறிதாகவே வந்தது. இந்த வரியை நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

நம் பாடநூலில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படித்திருக்கிறோம். துறவியாகிய அவர் மடத்துத் தோட்டத்தில் கண்ட நெட்டை, குட்டைப் பண்புகள் ஒவ்வொன்றும் ஒரு ஜோடிக் காரணிகளால் அமைந்தவை. ஆட்டிசம் அவ்வளவு எளிதன்று. நூற்றுக்கு மேற்பட்ட ஜீன்கள் இதில் தொடர்புடையவை எனக் கண்டிருக்கிறார்கள். சிலரிடம் ஒரு ஜீனில் ஏற்படும் பெரிய மாற்றமே போதுமானதாக இருக்கிறது. பெரும்பாலோரிடம் சிறு சிறு மாற்றங்கள் பல சேர்ந்து வருகின்றன. சில மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல், கருவுறும்போது புதிதாகவே தோன்றுகின்றன.

தந்தையைப் பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. ஐஸ்லாந்து நாட்டில் 78 குடும்பங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட செய்தி இது: தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடக்கூட, அவரிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் புதிய மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன. தந்தையின் வயது அதிகமானால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பும் ஓரளவு கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தாயின் வயதுக்கும் அப்படியே. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் எவரும் சித்தப்பாவின் வயதைக் கேட்கவில்லை என்று முன்பே எழுதினேன் அல்லவா? (கேட்டிருந்தாலும் அவருக்கு முப்பதுதான்.)

அடுத்து எழுதப்போவதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். நம் தமிழ்நாட்டில் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே கொடுத்து எடுப்பது வழக்கம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. ஒடுங்கு பண்புள்ள ஒரு ஜீன் மாற்றம் தாத்தாவிடமிருந்து இரு பக்கத்துப் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியிருந்தால், அவர்கள் இருவரும் மணந்துகொள்ளும்போது அது குழந்தையில் ஜோடி சேர வாய்ப்பு மிகுகிறது. மூளை வளர்ச்சிக் குறைபாடுகள் பலவற்றுக்கு இது பொருந்தும். ஆட்டிசத்துக்கும் இத்தொடர்பு இருப்பதாக நம் நாட்டு ஆய்வொன்று 2015இல் தெரிவித்தது. என் சித்தப்பா, சித்திக்கு அத்தை மகன்.

இதை எழுதியதும் பழி சித்தியிடமிருந்து நகர்ந்து, கல்யாணத்தைப் பேசி முடித்த அம்மிச்சியிடம் போய்விடுமோ என்று பயந்தேன். அதற்காக இதை எழுதவில்லை. சொந்தத்தில் மணந்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இப்படிப்பட்ட குழந்தை பிறப்பதில்லை. சொந்தமே இல்லாதவர்களுக்கும் பிறக்கிறது. தம்பியின் விஷயத்தில் இதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு என் தோழியருக்கோ எனக்கோ வரன் பார்க்கும்போது இந்தச் செய்தி கையில் இருப்பது நல்லது.

அபாயக் காரணி என்ற சொல்லை இப்போது விளக்க வேண்டும். புகை பிடிப்பவர் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பிடிக்காத சிலருக்கு வருகிறது. ஆனால் நூறு பேரைக் கணக்கெடுத்தால் பிடிப்பவர்களிடையே கூடுதலாக இருக்கும். புகை ஓர் அபாயக் காரணி. ‘இரு மடங்கு அபாயம்’ என்று செய்தித்தாளில் படித்தால் உடனே நடுங்கிவிடக் கூடாது. நூற்றில் ஒன்று என்பது இரு மடங்கானால் நூற்றில் இரண்டு. மற்ற 98 குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை.

இவ்வாறு அபாயத்தைக் கூட்டுபவையாக அறியப்பட்டவற்றுள் முக்கியமானவை, குறை மாதத்தில் பிறப்பதும் எடை மிகக் குறைந்து பிறப்பதும். பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்படுவதும் இவற்றோடு சேரும். மேலே சொன்ன ஐந்து இட ஆய்விலும், பிறந்தவுடன் அழாத குழந்தைகள், வீட்டிலேயே பிறந்த குழந்தைகள், பிறந்த சில நாட்களில் நோயுற்று மருத்துவமனையில் இருந்த குழந்தைகள் ஆகியோரிடம் மூளை வளர்ச்சிக் குறைபாடுகள் மிகுதியாக இருந்தன. கருவுற்ற தாய்க்குக் கடும் தொற்றுக் காய்ச்சல், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவையும் அபாயக் காரணிகளே. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் உட்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டதாக டென்மார்க்கில் 2013இல் கண்டறிந்தனர். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வந்தால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால், கருவுறுவதற்கு முன்பே வேறு மருந்துக்கு மாற்றுவார்.

அதே 2013இல் நார்வே நாட்டில் 85,000க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. கருவுறும் காலத்தை ஒட்டி ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம், கடுமையான ஆட்டிசம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்களே, அந்த மாத்திரையில் உள்ள சத்துதான். வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்!

காரணம் ஐயமின்றித் தெரிந்த ஒன்றும் உண்டு. அது ரூபெல்லா என்ற நோய். குழந்தைகளுக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சலும் சிவந்த தடிப்பும் வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கும். கண்புரையுடன் பிறந்த குழந்தைகளைப் பார்த்து, 1941இல் இதை முதலில் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் கண் மருத்துவர் நார்மன் கிரெக். 1964ஐ ஒட்டி அமெரிக்காவில் ரூபெல்லா பெரிதாகப் பரவியது. அப்போது கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை ஸ்டெல்லா செஸ் என்ற பெண் மருத்துவர் கவனித்து வந்தார். அவர்களுள் 18 பேரிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் முழுமையாகவோ பகுதியாகவோ இருந்ததை 1971இல் வெளியிட்டார். மற்றக் குழந்தைகளிடம் காண்பதைவிட இது பல மடங்கு அதிகம்.

இந்த ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? நாம் அப்போது முதல் வகுப்பு. அந்த ஊசி பிள்ளைகளுக்கு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. ஊசி போடும் நாளன்று என் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருந்தது. என் அப்பாவும் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னார்; அம்மா அனுப்பிவிட்டார். பலரும் தயங்கியதால் முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள். ஆட்டிசம் வந்துவிடும் என்று அஞ்சி அந்த ஊசியை மறுத்தவர்கள், ஆட்டிசத்துக்கு உறுதியாகத் தெரிந்த காரணங்களுள் ஒன்றைத் தடுக்கும் ஊசியையே மறுத்தார்கள்.

ஊசி மீது இந்த ஐயம் எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டும். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற ஆங்கில மருத்துவரும் வேறு சிலரும், வெறும் 12 குழந்தைகளைக் கொண்டு ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அச்சம் பரவ அதுவே வழி செய்தது. பிறகு ஒரு பத்திரிகையாளர் துருவி ஆராய்ந்ததில், அவர் கொடுத்த விவரங்கள் உண்மைக்கு மாறானவை என்பதும், ஊசிக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்ட வழக்கறிஞர்களிடம் அவர் பணம் பெற்றதும் வெளியாயின. 2010இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயரையும் நீக்கினார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே எந்த வேறுபாடும் காணப்படவில்லை. 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே!

இருந்தாலும் தாய்மார்கள் ஏன் நம்புகிறார்கள்? ஊசி போடும் வயதும் அறிகுறி தெரியும் வயதும் ஒன்றாக இருப்பதால்தான். ஒன்றரை வயதில் ஊசி. ஒன்றரை வயதில்தான் பிள்ளை பேசவில்லையே என்ற கவலையும். சித்தி செய்யும் வேலையை வைத்தே சொல்கிறேன். தைத்து முடித்த பனியன் செக்கிங் மேசைக்கு வரும்போதுதான் ஓட்டை கண்ணில் படுகிறது. பின்னும் மிஷினில் ஊசி முறிந்தபோதோ, நூலில் முடிச்சு வந்தபோதோ அது விழுந்து எத்தனையோ நாளாகியிருக்கும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கண்டுபிடித்தவரே தவிர உண்டாக்கியவர் அல்லர். (என் தம்பியை ஓட்டைத் துணி என்று சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். காலத்தைப் பற்றி மட்டுமே இந்த உவமை.) மூளையில் இந்த வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. நமக்குத் தெரிவதுதான் தாமதமாகிறது.

செல்போனுக்கும் இதுவே பதில். நாள் முழுதும் செல்போன் பார்க்கும் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகலாம். அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் 1943இல் கன்னர் பார்த்த 11 பிள்ளைகளின் கையில் செல்போன் இல்லை. கிரகணத்தைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

அண்மையில், 2025 செப்டம்பரில், கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம் என்று அமெரிக்க அரசே அறிவித்தது செய்தித்தாள்களில் வந்தது. சித்தி பயந்துபோனார். காய்ச்சலுக்கு இரண்டு முறை சாப்பிட்டாராம். சுவீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2024இல் வந்திருந்ததை அவரிடம் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தபோது சிறு தொடர்பு இருப்பது போலத் தெரிந்தது. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது, அதாவது ஒரே தாய் ஒரு கர்ப்பத்தில் மாத்திரை சாப்பிட்டு மற்றொன்றில் சாப்பிடாதிருந்தபோது, அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. மாத்திரை சாப்பிடும்படி ஆன காய்ச்சலோ, குடும்பத்தின் மரபோ தான் அங்கே தெரிந்ததே தவிர மாத்திரை அன்று.

எழுதி முடித்த பிறகு இந்தக் கட்டுரையைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, ஆர்டர் அவசரம் என்று அன்றும் வேலை இருந்தது. சொந்தத்தில் மணப்பதைப் பற்றி எழுதிய இடத்தில் சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று மட்டும் கேட்டார். ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று வெளிநாட்டுக் குடும்பங்களிடையே செய்த ஆய்வு 2024இல் வெளியானதைச் சொன்னேன். “அப்ப நாலு வராது” என்றார். அந்த மருத்துவரிடமே மரபியல் ஆலோசனைக்கு எங்கே செல்வது என்று கேட்கலாம் என்றேன். சரி என்று தலையசைத்தார். பிறகு, கன்னர் அந்தக் கூட்டத்துக்கு வந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி எழுந்து வாசலுக்கு ஓடினான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சித்தி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு செருப்பைப் போடவும் வேன் வந்து நின்றது.